30 ஆண்டுக்கு முந்தைய கல்நார் வேலை, இப்போது மூச்சுத்திணறல்: எப்படி நிரூபிப்பது?

செந்தில்வேல் | 14 ஜூலை 2024

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 68. 1979 முதல் 1993 வரை ஓர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் இன்சுலேஷன் வேலை பார்த்தவர். நீராவிக் குழாய்களுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறு சுற்றுவார். கல்நார்ப் பொடியைத் தண்ணீரில் குழைத்து மேலே பூசுவார். ஆண்டுப் பராமரிப்புக்காக பாய்லரை நிறுத்தும்போது பழைய பூச்சைக் கொத்தி எடுப்பார். கொத்தும் நாட்களில் பக்கத்தில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாது என்பார். மூக்கில் கட்டிக்கொள்ளத் தோளில் கிடந்த துண்டுதான் இருந்தது.

2022இல் வறட்டு இருமல் தொடங்கியது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. சளியில் கிருமி இல்லை என்று வந்தும் காசநோய் மாத்திரை ஆறு மாதம் கொடுத்தார்கள். பிறகு ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். சென்ற மாதம் வேறொரு மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் “முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்?” என்று கேட்டார். அதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை. சி.டி. ஸ்கேனில் இரண்டு பக்க நுரையீரல் உறையிலும் சுண்ணாம்பு படிந்த தடிப்புகள், நுரையீரலின் அடிப்பகுதியில் தழும்பு. அஸ்பெஸ்டோசிஸாக (கல்நார்த் தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய்) இருக்கலாம் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்.

ஒப்பந்தக்காரர் இறந்துவிட்டார். அவ்வளவு பழைய ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடு எதுவும் இல்லை என்கிறது நிலைய அலுவலகம். எங்களிடம் இருப்பது 1986ஆம் ஆண்டின் கேட் பாஸ் ஒன்று. கூட வேலை பார்த்த இருவர் உயிரோடு இருக்கிறார்கள். இது உறுதியாக அந்த நோய்தானா? புற்றுநோயாக மாறுமா? இழப்பீடு கிடைக்க வழி உண்டா? அப்பாவின் வேலைத் துணிகளை அத்தனை ஆண்டும் துவைத்தவர் அம்மா. அவரையும் சோதிக்க வேண்டுமா?

மருத்துவர் இளவேனில் | 14 ஜூலை 2024

தம்பி, அந்த இளம் மருத்துவர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். ஸ்கேனை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இந்த நோயை முடிவுசெய்யப் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து சதை எடுக்க வேண்டியதில்லை. கல்நார்த் தூசியில் வேலை செய்த வரலாறு, அதற்கும் நோய்க்கும் இடையே போதிய ஆண்டுகள், ஸ்கேனில் அதற்குரிய தடயம், வேறு காரணம் இல்லை என்ற உறுதி ஆகியவை சேர்ந்தால் போதும். காசநோயும் நுரையீரல் உறையில் சுண்ணாம்புத் தடிப்பை விட்டுச்செல்லும். ஆனால் அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு பக்கமும், அதிலும் உதரவிதானத்தின் மேலும் தடிப்பு இருந்தால் முதலில் கல்நாரைத்தான் நினைக்க வேண்டும்.

அந்தத் தடிப்புகள் புற்றுநோயாக மாறுவதில்லை. பெரும்பாலும் மூச்சுத்திணறலையும் தருவதில்லை. இந்த உடம்புக்குள் கல்நார் போயிருக்கிறது என்பதற்கு அவை சாட்சி, அவ்வளவுதான். மூச்சு வாங்குவதற்குக் காரணம் அடிப்பகுதியில் உள்ள தழும்பு. கல்நார் இழை நீளவாக்கில் பிளந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலியக்கூடியது. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கணுக்கள் அதைத் தின்ன முயல்கின்றன. நீளமான இழையை அவற்றால் முழுதாக விழுங்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. முயன்று முயன்று அவை சாகும்போது வெளியேறும் பொருள்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்குகின்றன. புண் ஆறிய இடத்தில் தழும்பு. வேலையை விட்டாலும் இழை உள்ளேயே இருப்பதால் இது நிற்பதில்லை. 1993இல் வேலையை விட்டவருக்கு 2022இல் மூச்சு வாங்குவது இப்படித்தான்.

அடுத்து நுரையீரல் செயல்திறன் சோதனை செய்யுங்கள். ஊதும் சோதனை மட்டும் போதாது, வாயுப் பரிமாற்றத் திறனையும் அளக்கச் சொல்லுங்கள். ஆறு நிமிடம் நடக்கவைத்து ஆக்சிஜன் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். தழும்பை அழிக்கும் மருந்து இல்லை. ஸ்டீராய்டு தொடர்ந்து கொடுத்தால் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் ஆக்சிஜன் ஆகியவை இப்போது உதவக்கூடியவை.

அப்பா புகை பிடிப்பவரா? அமெரிக்காவில் இன்சுலேஷன் தொழிலாளர்களை செலிகாஃப், ஹேமண்ட் இருவரும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்து 1979இல் வெளியிட்டார்கள். கல்நார், புகை இரண்டும் இல்லாதவருடன் ஒப்பிட்டால் நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு கல்நார் மட்டும் இருந்தவருக்குச் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் இருந்தவருக்குச் சுமார் 10 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கு மேல். இன்றைக்கு நிறுத்தினாலும் அந்த ஆபத்து குறையும்.

மீசோதீலியோமா என்ற இன்னொரு புற்றுநோய் நுரையீரல் உறையில் வருவது. அதற்கும் புகைக்கும் தொடர்பில்லை, கல்நாருக்குத்தான் தொடர்பு. தூசியைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துக்கூட வரும். எல்லோருக்கும் வருவதில்லை, பயந்து சாக வேண்டாம். ஆனால் ஒரு பக்க மார்பில் விடாத வலி, நெஞ்சுக்கூட்டில் நீர், காரணமில்லாத எடைக்குறைவு என்று எது வந்தாலும் உடனே காட்டுங்கள். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றதும் காசநோய் மருந்து தொடங்கிவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படி நேர்ந்தால் உறையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

அம்மாவுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். துணி துவைத்ததால் மட்டுமே மீசோதீலியோமா வந்த மனைவிமார்களைப் பற்றி மருத்துவ உலகில் நிறையப் பதிவுகள் இருக்கின்றன. தொந்தரவு எதுவும் இல்லையென்றால் ஆண்டுதோறும் ஸ்கேன் தேவையில்லை.

பாஸ்கரன் ரூஃபிங் | 15 ஜூலை 2024

நான் சிமெண்ட் ஷீட் வியாபாரம் செய்கிறவன். எனக்கோ என் கடை ஆட்களுக்கோ எதுவும் வந்ததில்லை. அந்தக் காலத்துப் பொடி வேறு, இன்றைய ஷீட் வேறு. இன்று வருவது வெள்ளைக் கல்நார், அதுவும் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அரசாங்க அனுமதியோடுதான் தொழிற்சாலைகள் நடக்கின்றன. ஓலைக் குடிசையிலிருந்து மேலே வரும் குடும்பம் முதலில் போடுகிற கூரை இதுதான். அவர்களைப் பயமுறுத்திவிட்டு மாற்றுக்கு என்ன வழி சொல்வீர்கள்?

கயல்விழி | 15 ஜூலை 2024

பாஸ்கரன் ஐயா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, பதிலும் நேராகவே சொல்கிறேன். ஷீட்டில் கல்நார் சுமார் பத்தில் ஒரு பங்கு, மீதி சிமெண்ட். கூரையில் உடையாமல் கிடக்கும்வரை இழை அதிகம் பறக்காது என்பதும் உண்மை. அந்தக் கூரைக்குக் கீழே தூங்குகிறவரைவிட, அதை அறுப்பவருக்கும் துளை போடுபவருக்கும் உடைப்பவருக்கும்தான் ஆபத்து. உங்கள் கடை வாசலில் அளவுக்கு அறுத்துத் தருகிறீர்களா? கை மெஷினில் அறுக்கும்போது எழும் வெள்ளைப் புகையில் சிமெண்ட் மட்டும் இல்லை. ‘இதுவரை எதுவும் வந்ததில்லை’ என்று சொல்ல 30 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதைத்தான் மருத்துவர் மேலே எழுதியிருக்கிறார்.

வெள்ளைக் கல்நார் தீங்கற்றது என்பது உற்பத்தியாளர்கள் தரப்பின் வாதம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கல்நாரின் எல்லா வகைகளையும், வெள்ளையையும் சேர்த்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல், அதன் உறை, குரல்வளை, சூலகம் என்று இடங்களையும் குறிப்பிட்டுச் சொல்கிறது. ஆபத்தான பொருளை ஏற்றுமதி செய்யும் முன் வாங்கும் நாட்டின் சம்மதம் பெற வேண்டும் என்கிறது ராட்டர்டாம் உடன்படிக்கை. கல்நாரின் மற்ற ஐந்து வகைகளும் அதன் பட்டியலில் ஏறிவிட்டன. வெள்ளையை ஏற்றும் முயற்சியை மட்டும் 2006 முதல் சில நாடுகள் தொடர்ந்து தடுத்துவருகின்றன. ரஷ்யாவும் கஜகஸ்தானும் அவற்றில் முக்கியமானவை. நமக்கு அதிகம் விற்கிறவர்களில் அவர்களும் உண்டு.

அரசாங்க அனுமதி பற்றிச் சொன்னீர்கள். நம் நாட்டில் கல்நார்ச் சுரங்கக் குத்தகைகளைப் புதுப்பிப்பதை 1993இல் நிறுத்தினார்கள். இறக்குமதிக்குத் தடை இல்லை. பிரிட்டன் 1999இல் முழுவதும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல். அமெரிக்காவில் 2024 மார்ச்சில்தான் வெள்ளைக் கல்நாருக்குத் தடை வந்தது.

மாற்று இருக்கிறது. செயற்கை இழையும் மரக்கூழும் கலந்த, கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட் இருக்கிறது. வண்ணம் பூசிய தகடு, ஓடு எல்லாம் இருக்கின்றன. விலை கூடுதல்தான். அந்த வித்தியாசத்தை அரசின் வீட்டுத் திட்டங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்போம், நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.

மலையகத்தான் | 15 ஜூலை 2024

இலங்கையில் நடந்ததையும் இங்கே பதிகிறேன். கயல்விழி சொன்ன அந்த வியாபாரத்தின் பலம் என்னவென்று அதில் தெரியும். 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையைத் தடை செய்தது. கொழும்பு கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிக்கும் எங்கள் மக்களின் ஒருநாள் சம்பளம் ஒரு பக்கத் தட்டிலும், அவர்கள் வீட்டுக் கூரை மறு தட்டிலும் வைக்கப்பட்டன. எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

கோவிந்தராஜ், ஓய்வு | 16 ஜூலை 2024

செந்தில்வேல் தோழரின் கேள்வி கூரை விவாதத்தில் தொலைந்துவிடக் கூடாது. நான் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொழிற்சங்கத்திலும் இருந்தேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கல்நார் வழக்குகளில் தொழிலாளி தோற்பது பெரும்பாலும் காகிதம் இல்லாமல்தான். நோய் வர 30 ஆண்டாகிறது. அதற்குள் ஒப்பந்தக்காரர் சாகிறார், அலுவலகம் இடம் மாறுகிறது, மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) கரையானுக்குப் போகிறது. இது உச்ச நீதிமன்றத்துக்கே தெரியும். நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று வந்த தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவ உதவியும் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை முடிந்த பிறகு 15 ஆண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் நோயை உறுதிசெய்தால் 1 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இப்போது உங்கள் அப்பாவின் கணக்கைப் போடுங்கள். 1979இல் சேர்ந்தார். 40 ஆண்டு 2019இல் முடிந்துவிட்டது. இருமல் தொடங்கியது 2022இல். உச்ச நீதிமன்றம் நீளமாக யோசித்துக் கொடுத்த கெடுவையே இந்த நோய் தாண்டிவிட்டது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்கவில்லை. அந்த 40 ஆண்டிலும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்த இடம் எத்தனை?

ஆனால் சேர்ந்து 40 ஆண்டு ஆகாதவர்களுக்கும், வேலை முடிந்து 15 ஆண்டு ஆகாதவர்களுக்கும் கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் படிக்கும் யாராவது அப்படி இருந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் பதிவேட்டின் நகலைக் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். ஒப்புகை வரும்படி அஞ்சலில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் அரசுடையது என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இல்லை என்று அவர்கள் பதில் தந்தால் அந்தப் பதிலும் ஓர் ஆவணம்தான்.

செந்தில்வேல், நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை வேறு. தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 89 என்று குறித்துக்கொள்ளுங்கள் (2025 நவம்பரில் இந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது). அஸ்பெஸ்டோசிஸ் அதன் மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய். தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கோ முன்பு செய்தவருக்கோ அது இருப்பதாக ஒரு மருத்துவர் கருதினாலே, தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘முன்பு செய்தவர்’ என்று சட்டத்திலேயே இருக்கிறது. மின் உற்பத்தியும் அந்தச் சட்டப்படி தொழிற்சாலை வேலைதான். சந்தேகக்குறிப்பு எழுதிய மருத்துவரிடம் போய் இந்த அறிக்கையை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பல மருத்துவர்கள் இப்படி ஒரு கடமை இருப்பதையே அறியாமல் இருக்கிறார்கள். அறிக்கை போனால், எங்கோ ஒரு வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் ஒருவர் அரசுப் பதிவில் தொழில்நோயாளி ஆகிறார்.

கூட வேலை பார்த்த இருவரின் வாக்குமூலத்தையும் உடனே நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரமாக வாங்குங்கள். எந்த யூனிட், எந்த ஆண்டு, ஒப்பந்தக்காரர் பெயர், என்ன பொருள், மூட்டையில் என்ன எழுதியிருந்தது, யார் மேஸ்திரி என்று அவர்கள் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். அவர்களும் அதே தூசியைச் சுவாசித்தவர்கள். தள்ளிப்போடாதீர்கள்.

வழக்கறிஞர் பூங்கொடி | 16 ஜூலை 2024

கோவிந்தராஜ் ஐயா சொன்னதோடு சட்டச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் நம்பிக்கை வைப்பது நல்லதில்லை.

பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் (2025 நவம்பரில் இதன் இடத்திலும் புதிய சட்டத் தொகுப்பு வந்தது) அஸ்பெஸ்டோசிஸ் தொழில்நோயாக ஏற்கப்பட்டிருக்கிறது. கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதீலியோமாவும் கூட. ஒப்பந்தக்காரர் இல்லாமல் போனாலும் 12ஆவது பிரிவின்படி முதன்மை முதலாளியிடம், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட மின் நிலையத்திடம், கேட்கலாம். ஒப்பந்தக்காரர் இறந்துவிட்டார் என்று அலுவலகம் சொல்லும் பதில் உங்கள் உரிமையை முடித்துவிடாது.

சிக்கல் காலக்கெடுவில் இருக்கிறது. வேலையை விட்டவருக்கு, விட்ட இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தோன்றினால், தோன்றிய நாளையே விபத்து நடந்த நாளாகக் கொள்ள 10ஆவது பிரிவு இடம் தருகிறது. இரண்டு ஆண்டு! கல்நார் நோய்க்கு இது பொருந்தாத கணக்கு. எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் எடுக்கும். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. காசநோய் என்று தவறாகச் சொல்லப்பட்ட காலத்தின் மருந்துச் சீட்டுகள் அங்கே உதவும், அவற்றை எறிந்துவிடாதீர்கள். அது போதாது என்றால் 1995 தீர்ப்பை முன்வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. வெல்லும் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் இந்த இரண்டு ஆண்டுக் கணக்கை யாராவது நீதிமன்றத்தில் கேள்வி கேட்டே ஆக வேண்டும். அப்பாவுக்கு அந்த நாட்களில் இ.எஸ்.ஐ. இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்திருந்தால் இழப்பீட்டுச் சட்டம் பொருந்தாது, அங்கேதான் கேட்க வேண்டும்.

துறைமுகத் தமிழன் | 17 ஜூலை 2024

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். கப்பல் பட்டறையில் பழைய கப்பல் பழுதுபார்ப்பில் இருந்தவன். இங்கே 1991க்கு முன் கட்டிய கட்டடத்தை இடிக்கும் முன் கல்நார் இருக்கிறதா என்று தகுதியுள்ளவரைக் கொண்டு ஆய்வு செய்தாக வேண்டும். அகற்றும் இடத்தைத் தடுப்பு கட்டி மூடி, ஈரப்படுத்தி, முழுமுகக் கவசத்தோடு செய்கிறார்கள். ஊருக்கு விடுமுறையில் வந்தால், புயலில் உடைந்த ஷீட்டை என் தம்பியே சுத்தியலால் நொறுக்கிப் பள்ளத்தில் கொட்டி நிரப்புகிறான். சொன்னால் சிரிக்கிறான்.

ஊருக்குத் திரும்பும் கப்பல் பட்டறைத் தோழர்களுக்கு: வேலை அனுமதி அட்டையின் நகல், சம்பளச் சீட்டு, மருத்துவச் சோதனைத் தாள் எதையும் தூக்கி எறியாதீர்கள். சிங்கப்பூரிலும் இது இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்.

கயல்விழி | 17 ஜூலை 2024

கப்பல் பற்றிப் பேச்சு வந்ததால்: குஜராத்தின் அலங் கடற்கரையில் கப்பல் உடைக்கும் தொழிலாளர்களில் கல்நார் கையாண்டவர்களை 2006இல் சோதித்தபோது ஆறில் ஒருவரின் எக்ஸ்ரேயில் அஸ்பெஸ்டோசிஸின் அறிகுறி இருந்தது. அதே ஆண்டுதான் கல்நார் நிறைந்த கிளமென்சோ போர்க்கப்பலை உடைப்பதற்காக அலங் நோக்கி அனுப்பிய பிரான்ஸ், எதிர்ப்பு கிளம்பியதும் பாதி வழியில் திருப்பி அழைத்துக்கொண்டது. அது பிறகு இங்கிலாந்தில் உடைக்கப்பட்டது.

பாஸ்கரன் ரூஃபிங் | 18 ஜூலை 2024

கல்நார் இல்லாத ஷீட் எங்கள் பகுதியில் கேட்டு வருகிறவர் மிகக் குறைவு, அதனால் நாங்கள் இருப்பு வைப்பதில்லை. விலை இறங்காமல் இது மாறாது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். கடையில் அறுக்கும் விஷயம் மட்டும் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றி அறுத்தால் போதுமா?

கோவிந்தராஜ், ஓய்வு | 18 ஜூலை 2024

போதாது, ஆனால் உலர அறுப்பதைவிடப் பல மடங்கு மேல். சுற்றும் மெஷின் வேண்டாம், நனைத்துக் கைரம்பத்தால் அறுங்கள். துணி மாஸ்க் இந்த இழையைத் தடுக்காது. பி100 அல்லது அதற்கு இணையான வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். விழுந்த தூளை ஈரத்துணியால் வழித்து, பையில் கட்டுங்கள். கடைப் பையன் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, தேவையான நீளத்திலேயே ஷீட்டை வரவழைத்து, கடையில் அறுப்பதையே நிறுத்திவிடுங்கள்.

பிரேக் லைனிங் மாற்றும் மெக்கானிக் தம்பிகளும் கேளுங்கள். டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம்.

செந்தில்வேல் | 2 ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் நன்றி. வாயுப் பரிமாற்றத் திறன் பாதியாகக் குறைந்திருக்கிறது. மருத்துவர் பிரிவு 89 அறிக்கையை அனுப்பிவிட்டார். சட்டப் பிரிவின் அச்சுப்படியைக் கொடுத்ததும் அன்றே எழுதினார். அதில் ஒரு நகல் எங்களிடம் இருக்கிறது. கூட வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கும் அதே இருமல். அவரையும் ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறோம். அம்மாவின் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அப்பா பீடியை நிறுத்தியிருக்கிறார்.

முத்துலட்சுமி | 3 ஆகஸ்ட் 2024

என் மகள் தட்டச்சு செய்து தருகிறாள். நானும் ஒரு மின் நிலையத்தில் 1987 முதல் 1995 வரை கூலி வேலை பார்த்தேன். இன்சுலேஷன் வேலை இல்லை. ஆண்கள் கொத்திப் போடுவதை நாங்கள் பெண்கள் துடைப்பத்தால் பெருக்கிக் கூடையில் அள்ளி வெளியே கொட்டுவோம். பஞ்சு போல இருக்கும், கையெல்லாம் அரிக்கும். இப்போது எனக்கு 61 வயது, தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. எங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததாகத் தெரியவில்லை. பெருக்கியவர்களும் இந்தக் கணக்கில் வருவார்களா?

மருத்துவர் இளவேனில் | 3 ஆகஸ்ட் 2024

வருவீர்கள் அம்மா. உலர்ந்த கல்நார்த் தூளைத் துடைப்பத்தால் பெருக்குவது மிக மோசமான வேலைகளில் ஒன்று. படிந்ததை எல்லாம் மறுபடி காற்றில் எழுப்பும் வேலை அது. மாவட்ட அரசு மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுக்குப் போய், நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். வேலை பார்த்த ஆண்டுகளையும் ‘கல்நார்’ என்ற சொல்லையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கோவிந்தராஜ், ஓய்வு | 3 ஆகஸ்ட் 2024

அம்மா, நீங்கள் சேர்ந்தது 1987. உங்கள் 40 ஆண்டு 2027இல்தான் முடிகிறது. உங்களோடு பெருக்கிய பெண்களில் முகவரி தெரிந்தவர்களின் பெயர்களை மகளிடம் சொல்லி ஒரு தாளில் எழுதி வையுங்கள். தகவல் உரிமை மனுவை நான் எழுதித் தருகிறேன். மாவட்டத்தை மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.